உச்சி வெயிலில் பிடித்த போர்வை

தம்பியின் உடலைக் கூடத்தில் கிடத்தியபோது அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: பெரியவர், அவருடைய தங்கை, தம்பியின் மனைவி, தம்பி மகள். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களைப் பெரியவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"அவங்கள உள்ள வரச் சொல்லட்டுமாண்ணா?" என்றாள் தங்கை.

"செருப்பையும் வாயையும் வெளியில விட்டுட்டு வர்றதுன்னா வரட்டும்."

தம்பி முப்பது வருடமாகக் கோயில்களைப் படம் எடுத்தவன். அதுவும் உச்சி வெயிலில். புத்தியுள்ளவன் காலையிலோ மாலையிலோ போவான் என்று பெரியவர் எத்தனையோ தடவை இடித்துக் காட்டியிருக்கிறார். "காலை வெயில் எதையும் அழகாக் காட்டிடும்ணா. உளி எங்க இறங்குச்சுன்னு உச்சி வெயில்தான் காட்டும்" என்பான் அவன். அந்த வெளிச்சத்தில் கேமராவின் திரை கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தூணில் சாய்ந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பான். சிலையின் முகத்தில் நிழல் கரியாக அப்பிக்கொள்ளும். அதைப் போக்க மனைவி எதிரே வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்து, வெயிலை அதன் மேல் வாங்கித் திருப்பி விடுவாள். இன்று நண்பகலிலும் அப்படித்தான்; உட்கார்ந்தபடியே துணிக்குள் அவன் உயிர் போயிருந்தது.

தங்கை குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "சின்னண்ணன் உசிரு போறத அண்ணி அரைமணி நேரம் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னாங்களாம். வெளியில அதான் பேச்சு."

தலைமாட்டில் இருந்த தம்பி மனைவி இதுவரை அழவில்லை என்பதைப் பெரியவரும் கவனித்திருந்தார். இந்த வீட்டை நோக்கி ஊரில் ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"அசையாத, சொல்றப்ப இறக்குன்னாரு உங்க தம்பி, அத்தான்." அவள் தன் கைகளைப் பார்த்தாள். முழங்கைவரை வெந்து சிவந்திருந்தன. "சொல்லவே இல்ல."

"கை வலிக்குதுன்னு குரல் கொடுத்திருக்கலாமே."

"கொடுத்தா, இந்தச் சிலை எத்தனை வருஷமா நிக்குது, அது வலிக்குதுன்னு சொல்லுச்சான்னு கேப்பாரு."

அவளையறியாமல் உதடு விரிந்தது. அடுத்த கணம் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மகள் கேமராவை எடுத்துவந்து நீட்டினாள். "கடைசிப் படம் பன்னிரண்டு பத்துக்கு, பெரியப்பா. அம்மா எனக்குப் போன் பண்ணது பன்னிரண்டு பதினாறுக்கு."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரே சிலை, பதினோரு படம். தம்பியின் படங்களை அவர் நின்று பார்ப்பது இதுவே முதல் தடவை. பதினொன்றிலும் கன்னத்து வெளிச்சம் ஒரே இடத்தில் இருந்தது, ஓர் இழைகூட நகராமல்.

கேமராவை மகளிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். பேச்சு நின்றது. எதிர்வீட்டுக்காரர் மட்டும், "அரைமணி நேரமாமே..." என்று இழுத்தார்.

"வேடிக்கை பாக்கல. அசையாதன்னு அவன் சொன்னான், எங்க வீட்டு மருமக அசையல" என்றார் பெரியவர். "அரைமணியும் இல்ல. ஆறு நிமிஷம்."