நவம்பரில் இரண்டு வாரங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அட்டவணையிலிருந்து கிடைத்தது. சர்வதேச ஃபிகர் ஸ்கேட்டிங் சீசன், வாரவாரியாக, நாடு நாடாக. ஒரு வரி மட்டும் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கை யாருடையது என்று யோசித்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: "பனித்தளம் வெள்ளை வெளேரென்று விரிந்து—"

(நிறுத்திவிட்டேன். பின்னே கறுப்பாகவா இருக்கும்?)

கதை மூன்றாவது மாடியில் தொடங்குகிறது. சுவர் நீளக் காலண்டரின் முன்னால் மார்க்கர் மூடியைக் கடித்தபடி ஒருத்தி நிற்கிறாள்.

2

சம்மேளன அலுவலகத்தில் அவள் பெயர் 'காலண்டர் அக்கா'. பதினான்கு வருடமாகப் போட்டிகளுக்கு நாள் குறிப்பவள்.

செப்டம்பரில், நான்காவது போட்டிக்கான அரங்கில் பனியை உறைய வைக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. மாற்று அரங்கில் நவம்பரின் இரண்டு வாரங்கள்தான் காலி. முதல் வாரம் வைத்தால், முந்தின ஞாயிறு வேறு கண்டத்தில் ஆடி முடிக்கும் பதினொரு பேர் அரைத் தூக்கத்தில் வந்து குதிக்க வேண்டும். மூன்றாம் வாரம் வைத்தால் எல்லோருக்கும் சௌகரியம், ஒருத்தியைத் தவிர. அவள் நாட்டில் அந்த ஞாயிறுதான் தேசிய அணிக்கான தேர்வுப் போட்டி.

அந்த ஒருத்திக்குப் பயிற்சி கொடுப்பவள், காலண்டர் அக்காவின் உடன்பிறந்த தங்கை.

3

(தங்கையை முதல் பிரதியில் வில்லியாக எழுதியிருந்தேன். போனில் அழுதாள், பழசையெல்லாம் கிளறினாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. சின்ன வயதிலிருந்து பனியில் விழுந்து விழுந்து எழுந்தவள் அப்படி அழமாட்டாள். அடித்துவிட்டேன்.)

தங்கை நிதானமாகத்தான் முதல் வாரத்தைக் கேட்டாள். மாணவிக்கு இருபத்தெட்டு வயது, கணுக்கால் இன்னொரு சீசன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள்.

"பதினொரு பேருக்கு அசதி, ஒத்துக்கறேன். அது ரெண்டு நாள்ல போயிடும்கா. இவளுக்குப் போனா போனதுதான்."

"அசதியில குதிச்சா கால் போகும். உனக்கு நான் சொல்லணுமா?"

அக்கா மார்க்கரால் மூன்றாம் வாரத்தை வட்டமிட்டாள்.

"மூணாவது வாரம்தான். ஆனா போனை வைக்காத. ரெண்டு ஊருக்கும் நடுவுல என்னென்ன விமானம் இருக்குன்னு பாரு."

4

பெண்கள் இறுதிச்சுற்று எப்போதும் சனிக்கிழமை மாலை. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும். அதை வெள்ளிக்கு நகர்த்தி, ஜோடி ஆட்டத்தைச் சனிக்கு வைத்தாள் அக்கா. சனி காலை விமானம், ஞாயிறு தேர்வு. அப்படியானால் மாணவி மட்டும் அசதியில் குதிக்கலாமா என்று தங்கையே கேட்டாள். அது மாணவி தானே எடுக்க வேண்டிய முடிவு, பதினொரு பேர் தலையில் கட்டுவது வேறு என்றாள் அக்கா. மாணவியைக் கேட்டார்கள். குதிக்கிறேன் என்றாள்.

சம்மேளனக் குழுவின் கூட்டத்தில் அக்கா புது அட்டவணையைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"இதுல என் தங்கச்சியோட மாணவிக்கு ஆதாயம் இருக்கு. மத்தவங்களுக்கு நஷ்டம் இல்லைன்னு நான் நினைக்கிறேன். நான் நினைச்சா போதாது, நீங்க முடிவு பண்ணுங்க."

வராந்தாவில் இருபது நிமிடம் நின்றாள். ஒரு ஓட்டு மட்டும் எதிராக விழுந்தது. இன்றைக்கு ஒருத்திக்காக நகர்த்தினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றாராம் ஒரு நடுவர். (அவரை முட்டாளாக்க முயன்றேன். முடியவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.)

5

வெள்ளியன்று மாணவி நான்காவதாக வந்தாள். சனிக்கிழமை விமானத்தைத் தாமதப்படுத்தி ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் காலண்டர் அக்கா அடுத்த விமானத்திலும் இடம் பார்த்து வைத்திருப்பாளே!

இன்னொரு முடிவு: "மூன்றாவது தாவலில் கணுக்கால் மடங்கி—"

இன்னொன்று: "முதலிடம் என்று அறிவித்ததும் தங்கை போனை எடுத்து—"

இரண்டையும் அடித்துவிட்டேன். யார் ஜெயிப்பது என்று முடிவு செய்வது அக்காவின் வேலை இல்லை. ஒருத்தியை இரண்டு இடத்திலும் நிற்க வைப்பதுதான் அவள் வேலை, அதைச் செய்துவிட்டாள். ஞாயிறு பிற்பகல், மாணவி தளத்தின் நடுவில் கைகளை உயர்த்தி நிற்கிறாள். தங்கை தடுப்புக் கட்டையைப் பிடித்திருக்கிறாள். வேறொரு நாட்டில், வீட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்து, உட்காரத் தோன்றாமல் அக்காவும் நின்றுகொண்டிருக்கிறாள்.

இசை தொடங்கிவிட்டது. இனி நான்கு நிமிடம். நான் எழுதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் வந்து உட்காருங்கள்.