மேட்டு வாழை

அக்காவுக்குத் தாவர ஆய்வகத்தில் வேலை. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, இது இன்ன இனம் என்று எழுதிவைப்பாள். தம்பி, சாலை போடுகிறவர்களுக்கு நிலம் அளப்பவன்.

ஒருநாள் மலைச்சரிவிலிருந்து அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஓடையோரம் ஒரு காட்டு வாழை இருக்கு. மேட்டுல, பாறைக்கு நடுவுல இன்னொண்ணு. ரெண்டும் ஒரே ஜாதியில்லைன்னு தோணுது."

"எதை வச்சுச் சொல்ற?"

"கீழ இருக்கிறதுக்குத் தண்டு முழுக்கக் கறுப்புத் திட்டு. மேல சுத்தப் பச்சை. இலைக்காம்பும் கீழ வாய்க்கால் மாதிரி திறந்திருக்கு, மேல ரெண்டு ஓரமும் மூடிக்கிட்டிருக்கு."

"வெயில்ல நின்னா அப்படித்தான்டா இருக்கும். நீ அளவு நாடாவைப் பிடி, செடியை என்கிட்ட விடு."

சிரித்தான். இருந்தாலும் மேட்டு வாழையின் இலை ஒன்றை உலர்த்தி, பூவையும் காயையும் ஸ்பிரிட் ஊற்றிய குடுவையில் போட்டு அனுப்பிவைத்தான். மேட்டில் இருப்பது தனி இனமென்றால் வெட்டக் கூடாது; சாலை அந்த வழியாகப் போகலாமா என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் தவணை. அவள் மேசையில் வேறு வேலை மலையாகக் குவிந்திருந்தது. இலையை மட்டும் பார்த்தாள். அழுத்தி உலர்த்தியதில் காம்பு தட்டையாகி, திறந்ததா மூடியதா என்றே தெரியாமல் போயிருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று குடுவையை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, "ஓடையோரத்து இனமே. வெட்டலாம்" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, சுவருக்கு வர்ணம் அடிக்க ஆள் வந்தபோது குடுவை கீழே இறங்கியது. போகிறபோக்கில் திறந்தாள். ஓடையோரத்து வாழைக்குப் பூமடல் விரிந்ததும் பின்பக்கம் சுருண்டுகொள்ளும். இதில் சுருளவே இல்லை. காயைப் பிளந்தாள். ஒவ்வோர் அறையிலும் விதை இரண்டு வரிசை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வரிசை. கத்தியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டாள். "நீ சொன்னதுதான் சரி. மேட்டுல இருந்தது வேற."

"அங்க தார் போட்டாச்சுக்கா."

"ஓரத்துல எங்கயாவது ஒரு கன்னு..."

"ஒண்ணுகூட இல்ல. நானே நின்னு வெட்ட வச்சேன். நீ சொல்லிட்டியேன்னு."

ஸ்பிரிட்டில் ஊறிய விதை முளைக்காது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இருந்தும் பத்து விதைகளை மண்ணில் புதைத்து இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினாள். ஆய்வகக் கோப்பில், "பிழை என்னுடையது, வேறுபாட்டை முதலில் கண்டவர் நில அளவையாளர்" என்று தன் கையாலேயே திருத்தி எழுதினாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள்.

"ரெண்டு வார்த்தை திட்டிடுடா. மனசு ஆறும்."

"திட்டி என்ன ஆகப்போகுது? நானும் இன்னொரு தரம் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

"இல்லடா, நீ சொன்ன. நான்தான் காதுல போட்டுக்கல."

அவன் இல்லையென்று சொல்லவில்லை. எழுந்துபோய் அவளுக்குச் சாப்பாடு எடுத்துவந்தான்.