மூன்றாம் ஓலைக்கு முன்

ரெனால்ட்டின் கலியாணத்துக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவிப்பாரே, அதுதான். மூன்றாம் ஓலைக்கு மூன்று நாள் இருக்கையில் அக்காள் பிறிஜெற்றின் கைக்கு இரண்டு இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. அவளுடையதில் பழுதில்லை. தம்பியுடையதில் இருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். பாவம், மனுஷிதானே. அடுத்த நிமிடமே வெட்கமாகப் போய்விட்டது.

எல்லாம் மூத்தவன் ஹியூபேட்டில் தொடங்கியது. மூலம், மூலம் என்று சொல்லியே ஒரு வருடத்தைக் கடத்தியவனுக்கு, நாற்பத்தொரு வயதில் பெருங்குடலில் புற்றுநோய். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றினார்கள். இது பரம்பரையில் வருகிற வகை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். உடம்பின் கலங்கள் ஓயாமல் தங்களைப் படியெடுக்குமாம். அப்போது வருகிற பிழைகளைத் திருத்தவென்றே சில மரபணுக்கள் உண்டாம். இந்தக் குடும்பத்தில் அப்படியொன்று பழுது. அதனால் பிழைக்கு மேல் பிழை சேர்ந்து, குடலில் சின்னதாக ஒரு சதைமுளை வந்து, பிறகு அது புற்றாகிறது. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு அந்தப் பழுது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் வருடாவருடம் ஸ்கோப் என்கிற கமராக் குழாய் விட்டுப் பார்த்தால், முளையிலேயே எடுத்துவிடலாம்.

அப்பா எதனால் செத்தார் என்று டொக்டர் கேட்டதற்கு, அம்மா கூசாமல் மாரடைப்பு என்றாள். இருபத்திரண்டு வருடமாக ஊருக்குச் சொன்ன அதே பொய். அப்பா இடுப்பில் கட்டியிருந்த, இரத்தம் பட்ட சாரங்களைத் தோய்த்த பிறிஜெற்றுக்கு அது பொய்யென்று தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய கலியாணமே அந்தப் பொய்யில்தான் ஒப்பேறியது.

இப்போதும் அம்மாவுக்கு அதே யோசனைதான். தம்பியின் முடிவைக் கலியாணம் முடியும்வரை அலுமாரிக்குள் வைக்கட்டாம். வெள்ளவத்தை ஆட்கள் அறிந்தால் பெண் தரமாட்டார்களாம்.

பிறிஜெற்றுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"மறைச்சு மறைச்சுத்தானே ஹியூபேட் அண்ணாவை வெட்டக் குடுத்தனாங்கள்? பத்து வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருந்தா ஒரு முளையோட போயிருக்கும் அம்மா."

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிறிஜெற் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவனோ இன்னொரு பக்கத்துக்குப் போய்விட்டான். கமராவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அந்தப் பிள்ளையை ஏன் இதற்குள் இழுக்கவேண்டும் என்றான். மணப்பெண் ஜசிந்தாவுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னான்; ஃபாதரிடம் சொல்லி ஓலையை நிறுத்தப்போகிறேன் என்றும் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். நல்லது செய்யப்போய் தம்பியின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனோ என்று பிறிஜெற்றுக்கு நெஞ்சு பதறியது.

மறுநாள் காலை வெள்ளவத்தையிலிருந்து ஜசிந்தா திரீவீலில் வந்து இறங்கினாள். மோதிரத்தைத் திருப்பித்தர வந்திருக்கிறாள் என்றே வீட்டில் நினைத்தார்கள். இந்தப் பிள்ளைக்கு வாயே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான்.

"ஸ்கோப்புக்கு எப்ப நாள் எடுத்திருக்கிறீங்க?" என்று ரெனால்ட்டைக் கேட்டாள். இன்னும் எடுக்கவில்லை என்றான் அவன்.

"முதல்ல அதுக்கு நாள் எடுங்க. மறைச்சிருந்தாத்தான் நான் போயிருப்பன்."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. புதன்கிழமை ரெனால்ட்டை ஸ்கோப் அறைக்குள் கொண்டு போனார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அம்மா, பிறிஜெற், ஜசிந்தா மூன்று பெண்களும் தேவமாதாவை மன்றாடிக்கொண்டு இருந்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் டொக்டர் வந்தார். இரண்டு சின்ன முளைகள், இரண்டையும் எடுத்தாயிற்று, பரிசோதனைக்கு அனுப்புகிறேன், பார்த்தவரையில் புற்றுக்குரிய அடையாளம் எதுவுமில்லை என்றார். பிறிஜெற்றுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

டொக்டர் கோப்பைப் புரட்டி, தகப்பனுக்கு மாரடைப்புத்தானே என்று இன்னொருமுறை கேட்டார்.

அம்மா எழுந்து நின்றாள். "இல்லை டொக்டர். இதே குடல் வருத்தம்தான். அவரிட அம்மாவும் இதிலதான் போனவ."

அது பிறிஜெற்றுக்கும் புதுச்செய்தி.

"உங்கட கலியாணத்துக்கு முதல் இது உங்களுக்குத் தெரியுமா மாமி?" என்று ஜசிந்தா மெல்லக் கேட்டாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லப் பிள்ளை" என்றாள் அம்மா. அப்பாவின் சாவீட்டில்கூட அழாத மனுஷி, மருமகளாகப் போகிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.