கிளட்சை எப்போது விடுவது

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவே இல்லை. ஒரு மோட்டார் மாத இதழின் ஆசிரியர், ‘சொந்தக் காரில் முதல்முறை பந்தயம் ஓட்டப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்’ என்று இரண்டு பக்கம் கேட்டார். யுத்தம் முடிந்து பெட்ரோல் தலைகாட்டத் தொடங்கியதும் பெங்களூர் இளவட்டங்கள் மறுபடி நேர்ரோடு தேடிக் கிளம்பிவிட்டார்களாம். எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் உண்டு. அதற்கும் மணி கிடையாது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

யோசனை கேட்க அல்சூரில் ரெமிஜியஸின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பந்தயம் ஓட்டியவர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பந்தயத்தில் அவர் மனைவி செத்துப்போனாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

(சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலே உள்ள வாக்கியத்தை அடிக்காமல் வைத்திருக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

2

முதல் தொடக்கம்: ‘ரெமிஜியஸ் தைரியசாலி.’ அடித்தாயிற்று.

இரண்டாவது: ‘அந்த ஞாயிறு காலை ஓசூர் ரோடு வெறிச்சோடிக்’

இல்லை. வெறிச்சோடிக் கிடந்திருந்தால் கதையே இல்லை.

மூன்றாவது: ரெமிஜியஸ் பன்னிரண்டு வருஷம் பிறத்தியார் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர். டாக்டர் கார், வக்கீல் கார், கண்டோன்மெண்ட் துரைமார் கார். அவர்கள் ஞாயிறு காலைகளில் ஓசூர் ரோட்டில் இரண்டிரண்டு பேராக அரை மைல் பந்தயம் விடுவார்கள். சொந்தக் கார் உள்ளவன்தான் ஓட்டலாம், பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி. சனிக்கிழமை முழுக்க எஞ்சினைப் பிரித்து மாட்டிக் கொடுத்த ரெமிஜியஸ், மறுநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பார். ஜெயித்தவர் வந்து அவர் தோளில் தட்டுவார். அந்தத் தட்டுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

நசுங்கிப்போன இரண்டு சீட் வண்டி ஒன்றை வாங்கி, மூன்று வருஷம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார்.

“ஒரே ஒரு நாள் அவங்க வரிசையில நானும் நிக்கணும் சார். அவ்ளோதான்” என்றார் என்னிடம்.

ஜெயிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஜெயிக்கத்தான் ஆசைப்பட்டார்.

3

யோசனை ஒன்று: வண்டியின் கனத்தைக் குறையுங்கள். ஸ்டெப்னி, மட்கார்டு, மேல்கூரை, எது இல்லாமல் ஓடுமோ அதையெல்லாம் கழற்றுங்கள். (ரெமிஜியஸ் கதவுகளையும் கழற்றினார். இதைக் கட்டுரையில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

யோசனை இரண்டு: கிளட்ச். புதிதாக ஓட்டுகிறவன் தோற்பது புறப்படும் இடத்தில்தான். ரெமிஜியஸுக்கும் அது மட்டும் கைவரவில்லை. சற்று முன்னால் விட்டால் எஞ்சின் அணைந்தது. சற்றுப் பின்னால் விட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புழுதி கிளப்பியது. வழி கண்டுபிடித்தவள் அவர் மனைவி பியாட்ரிஸ். அவள் மாதா கோவில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். பக்கத்தில் நிற்கிறவளின் சுருதி இழை இறங்கினாலும் பூசை நடுவிலேயே முறைப்பாள். அல்சூர் ஏரிக்கரைப் பொட்டலில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினுக்குக் காது கொடுத்தாள்.

“நீங்க காலை நெனைக்காதீங்க. நான் சொல்றப்ப விடுங்க.”

“எப்ப சொல்லுவே?”

“அது சுதிக்கு வர்றப்ப. பேசாம இருங்க... இருங்க... விடுங்க!”

வண்டி ஒரே துள்ளலில் பாய்ந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் ஏரியில் துணி வெளுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கலியாணமாகி ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லையாம். அதன் பிறகு ஒரு மாதம், தினமும் காலையில், முப்பது தடவை ‘விடுங்க’. கிளட்சுக்கும் அதே சொல்; ஓடும்போது எஞ்சினுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, இன்னும் மிதிக்கலாம் என்பதற்கும் அதே சொல். கடைசியில் அந்தச் சொல் மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போகப் பழகிவிட்டது.

4

இந்தப் பகுதியை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பூசை முடித்துவிட்டு இருவரும் நேராக ஓசூர் ரோட்டுக்கு வந்தார்கள். எதிர்வண்டி சேஷகிரியுடையது. அவர் சமஸ்தான உத்தியோகஸ்தர், ரெமிஜியஸிடம் கார் ரிப்பேருக்கு விடுகிறவர்களில் ஒருவர். கைக்குட்டை இறங்கியது. பியாட்ரிஸ் “விடுங்க!” என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக மற்றவர்கள் எல்லாம் ரெமிஜியஸுக்குப் பின்னால் இருந்தார்கள்.

பாதித் தூரத்தில் வலப்பக்கம் சேஷகிரி எட்டிப் பிடித்தார். ரெமிஜியஸின் கண் அவருடைய முன்சக்கரத்துக்குப் போனது, அங்கேயே நின்றுவிட்டது. (யோசனை மூன்று: எதிராளியின் சக்கரத்தைப் பார்க்காதீர்கள்.) முடிவுக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வைக்கோல் வண்டிகள் இரண்டு ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தன. சேஷகிரி மிதியிலிருந்து காலை எடுத்தார். பியாட்ரிஸ் கத்தினாள்:

“விடுங்க!”

ரெமிஜியஸ் மிதித்தார். கல்லை முதலில் தாண்டியது அவர்தான். பிறகு நிற்க இடம் இல்லை. (யோசனை நான்கு: அரை மைல் ஓடினால் நிற்க இன்னொரு அரை மைல் வேண்டும்.) கதவில்லாத இடப்பக்கம் வைக்கோல் வண்டியின் பின்கட்டையில் மோதியது. அவருக்கு இரண்டு விலா எலும்பு. பியாட்ரிஸ் மாலை வரை இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ‘பந்தயம் உன்னுதுதான்பா’ என்று யாரோ ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

5

நான்கு யோசனைகளையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடியபோது, ரெமிஜியஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க தமிழ் எழுதுறவரு. நீங்களே சொல்லுங்க சார். எந்த ‘விடுங்க’ அது?”

எனக்கு விளங்கவில்லை.

“‘இன்னும் விடுங்க’ன்னாளா, ‘போதும், விட்டுடுங்க’ன்னாளா? ஜெயிக்கணும்னு அவளும்தான் ஆசைப்பட்டா. அவளும் அந்த வைக்கோல் வண்டியப் பாக்கலன்னா, அது நாங்க ரெண்டு பேரும் செஞ்ச தப்பு. பாத்துட்டு நிறுத்தச் சொல்லியிருந்தான்னா...” என்றவர், ஒரு ஸ்பேனரை எடுத்து இடம் மாற்றி வைத்தார். “அப்ப நான்தானே சார் கொன்னேன்?”

‘விட்டுடுங்க’ என்று அவள் சொல்லியிருந்தால் சந்தேகமே வந்திருக்காது. இரண்டே எழுத்து. அவ்வளவு வேகத்தில் எந்தப் பெண் இலக்கணம் பார்த்துக் கத்துவாள்? ஓட்டு என்பதற்கும் விடு, ஒழியட்டும் என்பதற்கும் விடு. பக்கத்துக் கன்னடத்திலும் இதே கதைதான், ‘பிடு’ என்பார்கள். இருபது வருஷமாக இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பிழைக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக அதன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

6

எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஓசூர் ரோட்டுக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் ரோடு கோடு கிழித்தது மாதிரி நேர். வைக்கோல் வண்டி கண்ணில் படாமலா இருக்கும்? ஒருவேளை ரெமிஜியஸும் பார்த்தாரோ, பார்த்துவிட்டும் ஒரு நொடி

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

சேஷகிரியைத் தேடிப் பிடித்தேன். அன்றோடு காரை விற்றுவிட்டாராம்.

“அந்தம்மா அவர் சட்டைக் கையைப் பிடிச்சிண்டிருந்தா. அதைப் பார்த்தேன்” என்றார்.

“இழுத்தாங்களா?”

“இழுத்தாளா, உலுக்கி ‘போ போ’ன்னாளா, எனக்கெப்படித் தெரியும்? எட்டு வருஷமா நானும் அந்தக் கையைத்தான் பார்த்துண்டிருக்கேன். போய்ட்டு வாங்கோ.”

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. அவள் வைக்கோல் வண்டியைப் பார்க்கவில்லை. வெற்றியைத்தான் கேட்டாள். இதைப் படித்தால் ரெமிஜியஸ் தூங்குவார். ஆனால் செத்துப்போனவள் தலையில் பாதிப் பழியைக் கட்டிய பாவம் எனக்கு.

ஆ. அவள் பார்த்தாள், நிறுத்தச் சொன்னாள். இதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. இதை எழுதினால் அவரை நானே

இ. வெறும் ‘விடுங்க’. அதாவது இப்போது இருப்பது. இலக்கியத்துக்கு நல்லது, ரெமிஜியஸுக்கு ஒன்றுமில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து அவர் என் வீட்டுக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

“எழுதிட்டீங்களா சார்?”

மூன்று தாளும் என் கையில் இருந்தன. எதை எடுத்து நீட்டுவது? அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லித் தப்பிக்க நினைத்தேன். யாருக்கும் வருவது எனக்கும் வாயில் வந்துவிட்டது.

“ஆனது ஆச்சு ரெமிஜியஸ். விடுங்க.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். கோபமில்லை. எட்டு வருஷம் தேடிய ஒன்று கிடைத்துவிடும்போல என் வாயையே பார்த்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க சார். இப்பச் சொன்னீங்களே, அதே குரல்ல.”

என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். கட்டுரையை நான்கு யோசனைகளோடு இதழுக்கு அனுப்பியாயிற்று. இது மட்டும் மேசையில் கிடக்கிறது.

இதுவரை படித்த நீங்கள், மூன்றில் ஒரு முடிவை உங்களை அறியாமலே எடுத்திருப்பீர்கள். நான்காவது பகுதிக்குப் போய், அவள் கத்திய அந்த ஒரு சொல்லை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்தக் குரலில் வருகிறதோ, அதே குரலில் அல்சூரில் ரெமிஜியஸிடம் போய்ச் சொல்லுங்கள். யோசித்துவிட்டுப் போங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.