மஞ்சள் பூசிய மெழுகுக் கட்டி

முனியம்மாளுக்குக் காலை வெட்டப் போகிறார்கள் என்ற சேதி உத்திரமேரூர் ஏரிக்கரை இருளர் குடியிருப்பு முழுக்கப் பரவி, ஆளாளுக்கு வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். அழாதவள் முனியம்மாள் ஒருத்திதான். "இன்னாத்துக்கு அழுவுறீங்க? ஒரு காலு போனா மெட்டிய இன்னொரு காலுல போட்டுக்குறேன்" என்று வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பினாள்.

உள்ளுக்குள் கழனி நினைப்புத்தான். நடவில் அவளை முந்த அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. பாதம் போனால் எந்தக் கழனியில் இறங்குவது? வாய்விட்டு அழுதால் புருஷன் தேவராஜ் உடைந்துபோவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு வேலிகாத்தான் முள் செய்த வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் விறகு வெட்டும்போது குத்தியது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்தே போனாள். குத்தின இடத்தில் மரு மாதிரி ஒன்று தலைகாட்டி, காலிஃபிளவர் போலப் பாதம் முழுக்கப் படர்ந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு அறுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் மாதிரி தெரிகிறது, பாதத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருதரம் சென்னையிலிருந்து வருகிற தோல் டாக்டர் சுபாஷ்ரீக்குத்தான் சந்தேகம். "ஆறு வருஷமா இப்படி மெதுவா வளர்ந்ததா? இது பூஞ்சையா இருக்கலாம்மா. புதுசா ஒரு துண்டு எடுத்து வளர்த்துப் பாக்கலாமா?"

"இன்னொரு தபா கத்திய எடுத்தீங்க, கடிச்சிடுவேன்."

சுபாஷ்ரீ சிரித்துவிட்டார். "சரி, முன்னாடி எடுத்த சதையை மெழுகுல பதிச்சுக் கட்டியா வெச்சிருக்காங்க. அது செத்த சதை, அதுல பூஞ்சை முளைக்காது. ஆனா பூஞ்சையோட மரபணு உள்ளேயே இருக்கும். எங்க லேப்ல அதைத் தேடிப் பாத்துடலாம். கட்டியை இங்க வாங்கிக்கிட்டு, திங்கக்கிழமை நீங்களே சென்னைக்குக் கொண்டு வாங்க. பத்திரம், உங்க கால் இப்ப அதுலதான் இருக்கு."

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் வம்பாகப் போயிற்று. தேவராஜுக்குத் தெரிந்து பத்திரமான இடம் ஒன்றே ஒன்று. வேப்பமரத்தடியில் ஏழு கல்லாக நிற்கிற கன்னியம்மா காலடிதான் அது. கன்னியம்மா முன்னால் எதை வைத்தாலும் மஞ்சள் நீராட்டாமல் வைக்க முடியுமா? பொண்டாட்டி கால் வேறு! கட்டியைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பக்கத்திலேயே கற்பூரமும் ஏற்றிவிட்டான் மகராசன். ஒரு மூலை உருகி வழிந்த பிறகுதான் அது மெழுகு என்பதே அவன் புத்திக்கு எட்டியது.

"யோவ், ஆஸ்பத்திரில வெட்றதுக்கு முன்னாடி நீயே கொளுத்திடுவ போல கீதே!" என்று முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தேவராஜ் அன்று சோறு தின்னவில்லை.

திங்கட்கிழமை சென்னையில் கட்டியைக் கையில் வாங்கிய சுபாஷ்ரீ திகைத்துப்போனார். "ஐயோ! யார் இதுக்குப் பூஜை போட்டது?"

தேவராஜ் தலையைத் தொங்கப் போட்டான். முனியம்மாள் முந்திக்கொண்டாள். "நாந்தாம்மா. புத்தி கெட்டுப் போயி நாந்தான் வச்சேன்."

புருஷனை ஆயிரம் திட்டுவாள். அடுத்தவர் திட்ட விடமாட்டாள்.

சூடு பட்டால் மரபணு சிதைந்துவிடலாம், மஞ்சள் ஒட்டியிருந்தால் சோதனையே படுத்துக்கொள்ளும் என்றார் சுபாஷ்ரீ. அவர் பயந்தபடியே ஆயிற்று. அடுத்த வாரம் போனபோது, "ஒண்ணுமே தெரியலம்மா. பூஞ்சை இல்லைன்னும் சொல்ல முடியல, இருக்குன்னும் சொல்ல முடியல" என்றார். மேல் மெழுகையெல்லாம் சீவி எறிந்துவிட்டு, உள்சதையில் எடுத்து மறுபடி பார்க்கிறேன், இதுவும் பொய்த்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட என்னால் முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் தேவராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "என்னாலதான்மே உன் காலு போவப் போவுது" என்றான்.

"வாய மூடுயா. பேஜார் பண்ணாத. போச்சின்னா என்னைத் தூக்கிக்கினு அலையப் போறது நீதானே, அத நெனச்சி அழு" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் முறை போனபோது சுபாஷ்ரீ வாசலுக்கே ஓடிவந்துவிட்டார். "கிடைச்சிடுச்சும்மா! பூஞ்சையேதான். முள்ளுல ஒட்டிக்கிட்டு உள்ள போயிருக்கு. அந்தச் சதையோட ஸ்லைடையும் திரும்பப் பாத்துட்டோம், புத்துநோய் இல்லவே இல்ல. உங்க பெரிய டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். வெட்ட வேண்டாம். ஏழெட்டு மாசம் மாத்திரை விடாம சாப்பிடணும், அவ்வளவுதான்."

தேவராஜ் அந்த இடத்திலேயே பைத்தியக்காரன் மாதிரி சிரிக்க ஆரம்பித்தான். முனியம்மாள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். அப்படியே தாழ்வாரத்துத் தரையில் சரிந்து உட்கார்ந்து, அத்தனை நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டி, மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று கதறினாள்.

யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து பெஞ்சிலிருந்த ஒரு அம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாத தாயி, அழாத. போனது யாரும்மா?"

"யாரும் போவலக்கா" என்று முனியம்மாள் விம்மினாள். "என் காலு வந்துட்ச்சிக்கா."