பதினான்கு பூவரசம் போத்துகள்

ஓய்வு பெற்ற கையோடு மரிய அந்தோணி வாத்தியார் தம் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி, காரைக்குடிக்கு மாற்றலாகி வந்த இரண்டு வங்கி ஊழியர்களுக்கு வாடகைக்கு விட்டார். மாடி ஜன்னல் வேலியைத் தாண்டி நேராகப் பக்கத்து வீட்டு வீரலட்சுமியின் கொல்லைக் கிணற்றைப் பார்த்தது. குடிவந்தவர்கள் மரியாதையானவர்கள்தான். அதற்காகக் குளிக்கிறவளுக்கு ஜன்னல் இல்லாமல் போய்விடாது.

வயலிலிருந்து மதியம் திரும்பியதும் கிணற்றடியில் நீர் இறைத்து ஊற்றிக்கொள்வது வீரலட்சுமிக்கு அன்றாடச் சுகம். அது போயிற்று. விடியுமுன் எழுந்து குளித்தாள். மதியம் காலில் சேறும் உடம்பில் கசகசப்புமாகச் சமைத்தாள்.

"அறுப்பு முடியட்டும், சுவர் எடுத்துருவோம்" என்றான் கணவன் முத்துராமன்.

"ரெண்டு அறுப்பா இதத்தான் சொல்றீக. நான் மரத்த வச்சு மறைச்சுக்கிறேன்."

1970 ஐப்பசியில் மழை மண்ணை இளக்கியது. கண்மாய்க்கரைப் பூவரசிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் நீண்ட பதினான்கு போத்துகளை, அதாவது நட்டால் துளிர்க்கும் தடித்த கிளைகளை, வெட்டிவந்து வேலியோரம் நட்டாள். வெட்டுவாய் வெயிலில் காயாதபடி ஒவ்வொன்றின் தலையிலும் சாணி உருண்டையை அப்பினாள்.

வேலிக்கு அந்தப்புறம் நின்ற வாத்தியார் சிரித்தார். "என்னத்தா, எல்லாத்துக்கும் தலப்பா கட்டி விட்டுருக்க?"

"நீங்க மாடி கட்டுனீக. நாங்க தலப்பாயாவது கட்டிக்கிறோம் சார்."

பதினான்கும் பிழைத்தன. கோடை முழுக்கக் குடம் குடமாக ஊற்றினாள். அடுத்த புரட்டாசிக்குள் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு, இலைக்குப் பின்னால் ஜன்னல் காணாமல் போனது.

"நாளைக்கு மத்தியானம் கெணத்தடியிலதான் குளியல்" என்று கணவனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

மறுநாள் சந்தையிலிருந்து அவள் திரும்பியபோது வேலியோரம் பதினான்கு மொட்டைக் குச்சிகள் நின்றன. மாடி ஜன்னலில் யாருடைய துண்டோ காய்ந்தது. முத்துராமன் மாட்டு வண்டியில் தழைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"நாத்தங்காலுக்குத் தழை பத்தல புள்ள. பாத்தா, கையெட்டுற தூரத்துல எம்புட்டுத் தழை! கண்மாய்க்கரைக்கு அலையற வேலை மிச்சம்."

அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம். பூவரசந் தழை கண்ணில் பட்டால் அது வயலுக்கு உரம். அதைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தோன்றியதில்லை.

"நான் மறைப்புக்கு வச்ச மரம்."

அரிவாளைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "அட... ரெண்டு மழை பேஞ்சா முன்னைக்கு அடர்த்தியா வந்துரும்."

"அது வரைக்கும்?"

கேட்ட கையோடு அவள் உள்ளே போய்ப் பெரிய ஜமுக்காளத்தை எடுத்து வந்தாள்.

"துவைக்கிற கல்லு மேல ஏறுங்க. இதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்குட்டுத் திரும்பி நில்லுங்க."

"நாத்தங்கால்ல ஆளு காத்திருக்கு!"

"நானும்தான் ஒரு வருசமாக் காத்திருந்தேன்."

ஏறினான். ஜமுக்காளம் உயர்ந்தது. வேலிக்கு மேலே அதை மட்டும் பார்த்த வாத்தியாரின் குரல் அவர் வீட்டுக் கொல்லை வாசலிலிருந்து வந்தது: "முத்துராமா, எங்க மாதா கோயில் மாதிரி உங்க வீட்லயும் கொடியேத்தமா?"

முத்துராமன் ஜமுக்காளத்தை இன்னும் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வாளி கிணற்றில் விழுந்து, நிறைந்து, மேலே வந்தது. மறுபடியும் விழுந்தது.

"கை கடுக்குது புள்ள."

"நல்லாத் தூக்கிப் பிடிங்க" என்றாள் வீரலட்சுமி, தலையில் நீரை ஊற்றிக்கொண்டே. "மரம் தழையிற வரைக்கும் தெனம் இந்நேரத்துக்கு வந்துருங்க."