பைக்குக் காவல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகவே பிறக்கவில்லை. "சித்தன்னவாசல் பூங்காவில் ஒரு நாள்: என்னென்ன செய்யலாம்?" என்று ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். போனேன், சுற்றினேன், எழுத உட்கார்ந்தேன். படகு விடலாம். பிள்ளைகளைச் சறுக்குமரத்தில் விடலாம். குகை ஓவியம் பார்க்கலாம். பாறையேறி ஏழடிப்பட்டம் போய், சமணத் துறவிகள் படுத்த கல்படுக்கைகளைப் பார்க்கலாம். மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட—

அந்த மரத்தடியில், ஒரு குவியல் பைகளுக்கு நடுவே, ஒரு பெண்மணி குச்சியால் குரங்கை விரட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க மேல போகலையா?" என்று கேட்டேன்.

"பைய யாரு பாக்குறது?" என்றார்.

அவ்வளவுதான், கட்டுரை படுத்துவிட்டது. செய்யக்கூடியவை என்று அத்தனை எழுதியிருந்தேனே, பை பார்ப்பதை எங்கே சேர்ப்பது?

2

"பொன்னிற வெயில் பாறையைத் தழுவிய அந்த இனிய—" அட போங்கய்யா. வெயில் மண்டையைப் பிளந்தது.

"ராஜலட்சுமி தியாகத்தின் மறு—" இதை முடித்திருந்தால் அந்தக் குச்சி என் முதுகில்தான் விழுந்திருக்கும்.

"ராஜலட்சுமி இன்று மேலே போயே தீருவது என்று முடிவு செய்திருந்தாள்." ம், இது நிற்கிறது. (பெயர் நான் வைத்தது. மரத்தடியில் இருந்தவரை 'அவர்' என்றேன், கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். மரியாதையைக் குறைப்பதில் எழுதுகிறவனை அடிச்சுக்க ஆள் கிடையாது.)

3

ராஜலட்சுமிக்குத் திருக்கோகர்ணத்தில் வீடு, டவுனில் ஆபீஸ் வேலை. கணவன் ரகுநாத், கல்லூரிக்குப் போகும் மகள் காவ்யா. குடும்பம் எங்கே கிளம்பினாலும் அவளும் கிளம்புவாள், போன இடத்தில் பைக்குக் காவல் இருப்பாள். குற்றாலம் போயும் தலை நனைந்ததில்லை. கொடைக்கானல் ஏரியில் எல்லோரும் படகில் சுற்ற, கரையில் ஸ்வெட்டர்களை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தாள். சித்தன்னவாசலுக்கோ வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் வருகிறாள். ஏழடிப்பட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை.

போன வாரம் சென்னையிலிருந்து ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த பெண் கேட்டாள்: "சித்தன்னவாசல் ஒங்க ஊர்லதானே மேடம் இருக்கு, மேல எப்படி இருக்கும்?"

"சூப்பரா இருக்கும்" என்றாள் ராஜலட்சுமி. சொன்ன மறுகணமே முகம் சுண்டிப்போயிற்று. இதே ஊரில் இத்தனை வருசம் இருந்துவிட்டு, பார்க்காததைப் பார்த்ததாகப் புளுகுகிறோமே என்று அன்று இரவு சோறு இறங்கவில்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது.

அதனால்தான் இன்று ஷூ போட்டு வந்திருக்கிறாள். புடவைக்குக் கீழே காவ்யாவின் பழைய ஷூ. விருந்தாளிகளோடு வேனில் வந்தவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

4

இனி அவளை மேலே ஏற்ற வேண்டும். எழுதுவது நான்தானே, ஒரு வரியில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் யோசனை: பைகளை வேனில் வைத்துப் பூட்டுவது. சாவி டிரைவரிடம். டிரைவர் அன்னவாசலுக்கு டீ குடிக்கப் போய்விட்டார்.*

(* ஏன் போனார் என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லா டிரைவர்களும் சரியாக அந்த நேரத்தில்தான் போகிறார்கள்.)

இரண்டாவது: படகுத்துறைக்குக் கிளம்பிய ரகுநாத் சட்டென்று திரும்பி, "நீ போயிட்டு வா ராஜி, நா பாத்துக்கிறேன்" என்று—

"அழிங்க சார்" என்றாள் ராஜலட்சுமி.

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அவரு நல்ல மனுசந்தான். ஆனா இப்படிச் சொல்ற ஆளு இல்ல. பொய்யா எழுதி என்னய மேல அனுப்பாதீங்க. அப்புறம் அதுவும் நா ஆபீஸ்ல விட்ட புளுகு மாதிரிதான் ஆவும்."

அழித்தேன். ரகுநாத் உண்மையில் சொன்னது இது: "பைய பாத்துக்க. படகு விட்டுட்டு வந்து சாப்புடுவோம்."

5

படகில் சிரிப்புச் சத்தம். வெயில் இறங்கத் தொடங்கியது. பொழுது சாய்ந்தால் மேலே விடமாட்டார்கள். ராஜலட்சுமி எழுந்தாள், புளிசாதத் தூக்கைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நான் பேனாவைக் கடித்துக்கொண்டு அவள் மனப்போராட்டத்தை எழுத ஒரு நல்ல உவமை தேடிக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க சும்மாதான இருக்கீங்க?"

"எழுதிக்கிட்டு இருக்கேம்மா."

"உக்காந்துக்கிட்டுத்தான எழுதுறீங்க? இங்கிட்டு வந்து உக்காந்து எழுதுங்க." குச்சியை என் கையில் கொடுத்தாள். "நீலப் பையில கண்ணாடி டிபன் இருக்கு, அதுமேல சாயாதீங்க."

எனக்குப் பதறியது. "நா இங்க இருந்தா, மேல நடக்குறத யாரு எழுதுறது? கதைக்கு முடிவு வேணும்ல?"

"ஏன், வேணுங்கிறவங்க ஏறி வந்து பாக்கட்டுமே. நா போறேன்." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

6

படகில் போனவர்கள் பசியோடு வந்துவிட்டார்கள்.

"ராஜி எங்க? நீங்க யாரு?" என்றார் ரகுநாத்.

"மேல போயிருக்காங்க. நான் எழுத்தாளர்."

"பைய விட்டுட்டா போனா?" என்றார், பைகளை ஒருமுறை எண்ணியபடி. காவ்யா பாறையை அண்ணாந்து பார்த்தாள். "அம்மா ஏறிருவாங்களாப்பா?" அவரும் அண்ணாந்தார். எனக்கும் தெரியாது. ராஜலட்சுமி உச்சியில் நின்று கத்தினாள் என்று எழுதலாம். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள், பிறகும் ஏறினாள் என்று எழுதலாம். கல்படுக்கையில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள் என்றும் எழுதலாம். மூன்றும் நன்றாகத்தான் இருக்கும், மூன்றும் புளுகு. இங்கே இருந்து பார்த்தால் பாறையின் இந்தப் பக்கம்தான் தெரிகிறது. குச்சியை என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, எழுந்து போனால் குரங்கு தூக்கைத் திறந்துவிடும். பை பார்க்கிறவருக்கு முடிவு தெரியாது. அவள் எத்தனை ஊரில் இப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைக்கிறது.

ஆகவே நீங்கள் போங்கள், இன்னும் வெளிச்சம் இருக்கிறது. உங்கள் பைகளையும் இங்கேயே போட்டுவிட்டு, உங்கள் வீட்டில் இதுவரை பை பார்த்தவரை முன்னால் ஏறவிட்டுப் பின்னால் போங்கள். ராஜலட்சுமியைப் பார்த்தால், அவசரமில்லை, மெதுவாக இறங்கி வரட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.